இரண்டு சிறிய ஏர்போர்ட்டுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

நேபாளத்தில் காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்கு எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில் 200 என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 143, வேறொன்றில் 89, கடைசியாக ஒன்றில் 77. நான்கும் சரிதான். 200 என்பது சாலை வழியாகப் போனால் வரும் கிலோமீட்டர். 143 என்பது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு நேர்க்கோட்டில் கிலோமீட்டர். அதே நேர்க்கோட்டைச் சாதாரண மைலில் சொன்னால் 89, கடல் மைலில் சொன்னால் 77. பறக்கும் நேரத்திலும் இதே கதைதான், ஒருவர் 20 நிமிடம் என்பார், ஒருவர் 30 என்பார், தூரம் கணக்கிடும் தளம் ஒன்று 40 என்று காட்டும்.

எண் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், அது எதை அளந்த எண் என்று பார்க்க வேண்டும். முதல் முறையாகச் சின்ன ஏர்போர்ட்டுகளுக்கு நடுவே பறக்கப் போகிறவர்கள், அங்கிருந்து இன்னொரு விமானம் மாற வேண்டியவர்கள், பஸ்ஸில் போகலாமா பறக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோருமே தடுமாறும் இடம் இதுதான். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை, பள்ளியில் படித்த பிதாகரஸ் போதும். வரிசையாகப் போகலாம்.

1. எந்த ஏர்போர்ட் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை நம்பாமல் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது அதுதான், ஐஏடிஏ குறியீடு என்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருக்கிறது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இன்னொரு சிட்னி இருக்கிறது. முதலாவது எஸ்ஒய்டி, இரண்டாவது ஒய்க்யூஒய். பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டுக் கனடாவில் போய் இறங்கியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், ஏர்போர்ட்டின் பெயரில் இருக்கும் ஊர் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃபிராங்ஃபர்ட்-ஹான் என்ற ஏர்போர்ட் ஃபிராங்ஃபர்ட் நகரத்திலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஆஸ்லோ என்று சொல்லி விற்கப்படும் டோர்ப் ஏர்போர்ட் ஆஸ்லோவிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். 50 நிமிடம் பறந்து மிச்சப்படுத்திய நேரத்தை அங்கிருந்து ஊருக்குள் போகும் பஸ்ஸில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

ஏர்போர்ட்டுகள் இடமும் மாறும். பொக்காராவில் புதிய ஏர்போர்ட் திறந்தது 2023 ஜனவரி 1 அன்று, பழையது அதே ஊரில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. இஸ்தான்புல்லில் 2019 ஏப்ரலில் புதிய ஏர்போர்ட்டுக்கு மாறியபோது ஐஎஸ்டி என்ற குறியீட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதாவது அதே மூன்றெழுத்து இப்போது வேறு இடத்தைக் குறிக்கிறது. பழைய பதிவையோ பழைய பட்டியலையோ பார்த்துத் தூரம் எடுக்கிறீர்கள் என்றால் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

2. நேர்க்கோட்டுத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

சுலபமான வழி, கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து ஒரு ஓடுபாதையின் மேல் வலது கிளிக் செய்து தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து இன்னொரு ஓடுபாதையைத் தொடுவது. ஒரு நிமிட வேலை. ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்பேன், ஏனென்றால் அதற்கப்புறம் எந்தத் தளம் என்ன எண்ணைக் காட்டினாலும் அது சரியாக இருக்குமா என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

தேவையானது இரண்டு ஏர்போர்ட்டுகளின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும்தான். காத்மாண்டு 27.70 வடக்கு, 85.36 கிழக்கு. பொக்காரா 28.18 வடக்கு, 84.01 கிழக்கு. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது பூமியில் எங்கே போனாலும் சுமார் 111 கிலோமீட்டர். இங்கே வித்தியாசம் 0.48 டிகிரி, அதனால் தெற்கு வடக்காக 53 கிலோமீட்டர். தீர்க்கரேகை அப்படியில்லை, துருவத்தை நோக்கிப் போகப் போக ரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும், நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு டிகிரி 60 டிகிரி அட்சரேகையில் பாதியாகி 56 கிலோமீட்டருக்கு வந்துவிடும். அதனால் அதை அந்த இடத்து அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள அட்சரேகை சுமார் 27.94, அதன் கொசைன் 0.883. தீர்க்கரேகை வித்தியாசம் 1.35. பெருக்கினால் கிழக்கு மேற்காக 132 கிலோமீட்டர்.

இப்போது 53 ஒரு பக்கம், 132 இன்னொரு பக்கம் வைத்துச் செங்கோண முக்கோணம். இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 142-143 வரும். முடிந்தது.

சில நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த முறை தாராளமாகப் போதும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்றால் பூமியின் வளைவு உள்ளே வந்துவிடும், அப்போது பெருவட்டத் தூரம் என்ற கணக்கைப் போட வேண்டும் (பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள்). சிறிய ஏர்போர்ட்டுகளுக்கு நடுவே அந்தத் தேவை அநேகமாக வராது.

அலகைக் கவனியுங்கள். விமானத் துறையில் தூரம் என்றால் கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நிலத்தில் சொல்லும் மைல் 1.609 கிலோமீட்டர். இரண்டையும் மாற்றிப் போட்டால் கணக்கு 15 சதவீதம் தப்பும். வேகத்தைச் சொல்லும் நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். அட்சரேகையின் ஒரு டிகிரி 60 கடல் மைல் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மேப்பைப் பார்த்து மனக்கணக்காகவே பாதி வேலையை முடிக்கலாம்.

3. எந்த விமானம் என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிவிட்டுப் போவது இந்தப் படியைத்தான், ஆனால் குறுந்தூரப் பயணத்தில் தூரத்தைவிட இதுதான் அதிகம் முக்கியம். தூரம் கணக்கிடும் தளங்கள் பலவும் எல்லா விமானமும் மணிக்கு 800 கிலோமீட்டரில் பறக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஏற இறங்க அரை மணி நேரம் என்று பொத்தாம்பொதுவாகக் கூட்டிவிடுகின்றன. சிறிய ஏர்போர்ட்டுகளுக்கு வந்து போவது பெரும்பாலும் அந்த வேகத்து விமானமே இல்லை.

நிறைய ஊர்களில் ஓடுவது ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் டர்போப்ராப். அதன் பயண வேகம் சுமார் 275 நாட், மணிக்கு 510 கிலோமீட்டர். அதே வகையில் டேஷ் 8 கியூ400 வேகமானது, 650 கிலோமீட்டரைத் தாண்டும். எம்ப்ரேயர் இ175, சிஆர்ஜே 900 போன்ற சின்ன ஜெட்டுகள் 800-க்கு மேல் போகும், ஏர்பஸ் ஏ320-க்கும் அவற்றுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இன்னும் சின்ன ஊர், தீவு, மலை என்றால் ட்வின் ஆட்டரோ செஸ்னா காரவனோ வரும், இவை 300 முதல் 340 வரைதான். ஆக ஒரே 400 கிலோமீட்டரை ஒரு விமானம் அரை மணியில் கடக்கும், இன்னொன்று ஒன்றேகால் மணி எடுத்துக்கொள்ளும்.

டிக்கெட் வாங்கும் பக்கத்தில் விமான எண்ணுக்குப் பக்கத்திலோ விவரம் என்ற பொத்தானுக்குள்ளேயோ விமான வகை இருக்கும். சில இடங்களில் ஏடி7 என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள், அது ஏடிஆர் 72. டிஎச்4 என்றால் கியூ400, இ75 என்றால் எம்ப்ரேயர் 175. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றுவதும் நடக்கும் என்பதால் கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இப்போது நேரத்தைக் கணக்கிடுங்கள்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருவது பறக்கும் நேரம் அல்ல. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகத்தில் போவதில்லை, 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. அதோடு காற்றுக்கு எதிராகத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும், அதனால் போக வேண்டிய ஊர் மேற்கே இருந்தாலும் ஓடுபாதையில் கிழக்கு நோக்கி ஓடி, மேலே ஏறி, அப்புறம் ஒரு பெரிய வளைவு அடித்துத்தான் சரியான திசைக்கு வரும். இறங்கும் பக்கமும் இதே வளைவு இன்னொருமுறை.

நான் பயன்படுத்தும் கைக்கணக்கு இதுதான். டர்போப்ராப் என்றால் வகுத்து வரும் நேரத்தோடு 8 முதல் 10 நிமிடம் கூட்டுங்கள், ஜெட் என்றால் 12 முதல் 15. இது சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரை. அதற்கு மேல் தரையில் உருளும் நேரம் இருக்கிறது, இரண்டுமே சின்ன ஏர்போர்ட் என்றால் இரு பக்கமும் சேர்த்து 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஒரு பக்கம் பெரிய ஏர்போர்ட் என்றால் 20, 25.

காத்மாண்டு-பொக்காராவுக்குப் போட்டுப் பார்ப்போம். 143-ஐ 510-ஆல் வகுத்தால் 17 நிமிடம், பத்தைக் கூட்டினால் 27. விமான நிறுவனங்கள் சொல்வதும் இதை ஒட்டித்தான், 25-30 நிமிடம். சாலையில் இதே பயணத்துக்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கும், சாலை வேலை நடக்கும் காலத்தில் அதற்கு மேலும் ஆகும். ஆனால் காத்மாண்டுவில் சர்வதேச விமானங்களுக்கும் உள்ளூர் விமானங்களுக்கும் இருப்பது ஒரே ஓடுபாதை. திரும்பி வரும்போது முன்னால் வரிசை இருந்தால் வானத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்க வேண்டி வரும், 27 நிமிடக் கணக்கு அன்றைக்கு ஒரு மணி நேரத்தைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

தூரம் குறையக் குறைய, கூட்டிய நிமிடங்கள்தான் பெரிய பங்கு வகிக்கும். இதைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் விமானங்களைப் பின்தொடரும் தளம் ஒன்றில் ஏதாவது குறுந்தூர விமானத்தின் உயர வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நீண்ட தூர விமானத்துக்கு அது ஏறி, நீளமாகச் சமதளமாகப் போய், இறங்கும். 150 கிலோமீட்டர் பயணத்துக்கு அது கூடாரம் மாதிரி இருக்கும், உச்சிக்குப் போனதும் இறங்க ஆரம்பித்துவிடும், சமதளமே இருக்காது. வேகக் கோடும் அப்படித்தான், விமானத்தின் முழு வேகத்தில் அதிக நேரம் போகாமலேயே கீழே வரும். இந்த வகைப் பாதையில் வேகமான ஜெட் போட்டாலும் லாபம் ஓரிரு நிமிடம்தான், எரிபொருள்தான் கூடுதலாகப் போகும். குறுந்தூரத்தில் விமான நிறுவனங்கள் டர்போப்ராப்பை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதன் கடைசி எல்லையும் உலகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் 1967 முதல் போய்வருகிறது. நடுவே உள்ள தூரம் 2.7 கிலோமீட்டர், பெரிய ஏர்போர்ட்டின் ஒரு ஓடுபாதை நீளம். அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கும், காற்று சாதகமாக இருந்த ஒருமுறை 53 வினாடியில் முடித்திருக்கிறார்கள். அங்கே எந்தத் தூரக் கால்குலேட்டரும் உதவாது, அரை மணி நேரம் என்று காட்டும்.

5. காற்றைச் சேருங்கள்

விமானத்தின் வேகம் என்பது காற்றோடு ஒப்பிட்ட வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையோடு ஒப்பிட்ட வேகம் மாறும். மணிக்கு 500 கிலோமீட்டரில் போகும் டர்போப்ராப், 400 கிலோமீட்டர் தூரம், பின்னாலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்றால் 43 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், 55 நிமிடம் ஆகும். காற்றே இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் 48. போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஈடாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், கூட்டிப் பாருங்கள், 43-ம் 55-ம் 98, காற்றில்லாத நாளில் 96. எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறீர்கள் என்பதால் மொத்தத்தில் எப்போதுமே நஷ்டம்தான்.

ஜெட் விமானங்கள் 35,000 அடியில் சந்திக்கும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலமான மேற்குக் காற்று, 25,000 அடிக்குக் கீழேயே பறக்கும் டர்போப்ராப்புகளை அவ்வளவாகத் தொடாது. ஆனால் அவை மெதுவாகப் போவதால் சாதாரணக் காற்றுகூட அவற்றின் நேரத்தை அதிகமாகப் பாதிக்கும். ஒரே பாதையில் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்று அட்டவணையில் இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், அச்சுப்பிழை இல்லை.

6. உங்கள் கணக்கை நிஜத்தோடு ஒப்பிடுங்கள்

இது இல்லாமல் மேலே போட்ட கணக்கு எல்லாம் பாதிதான். ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களில் அது எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது, எந்த வழியாகப் போனது என்று இலவசமாகவே காட்டும். ஒரு வாரப் பதிவைப் பார்த்தாலே அட்டவணையை நம்பலாமா என்று தெரிந்துவிடும்.

பார்க்கும்போது எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று கவனியுங்கள். விமானத் துறையில் நான்கு தருணங்களைக் குறித்து வைப்பார்கள்: சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்து நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது, தரையை விட்டு எழுந்தது, தரையைத் தொட்டது, மறுபடி நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றது. டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் முதலாவதிலிருந்து நான்காவது வரை. பின்தொடரும் தளங்கள் பெரிதாகக் காட்டுவது பல நேரம் இரண்டாவதிலிருந்து மூன்றாவது வரை. டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம், தளத்தில் 48 நிமிடம் என்று இருந்தால் ரெண்டுமே சரியாக இருக்கும்.

அட்டவணை நேரத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள், தாமதமானால் அதை உறிஞ்சிக்கொள்ள. கதவு சாத்தியதும் இன்னும் 20 நிமிடம் தாமதம் என்று அறிவித்துவிட்டு, அப்புறமும் சரியான நேரத்துக்கு வந்து சேர்வது இப்படித்தான். அமெரிக்காவில் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தாமதம் என்று கணக்கிலேயே எடுப்பதில்லை.

சின்ன ஊர்ப் பாதைகளில் இன்னொரு விஷயம் உண்டு. ஒரே விமானம் காலையிலிருந்து இரவு வரை ஐந்தாறு ஊர்களுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், நடுவே நிற்பது ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம்தான். காலையில் ஏதோ ஒரு ஊரில் விழுந்த 20 நிமிடத் தாமதம் மதியத்துக்குள் ஒரு மணி நேரமாக வளர்ந்து உங்கள் ஊருக்கு வரும். அதனால் முடிந்தவரை நாளின் முதல் விமானத்தை எடுங்கள். மாலை விமானம்தான் கிடைத்தது என்றால், உங்கள் விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று தளத்தில் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள், அறிவிப்புப் பலகையைவிட அது முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடும்.

7. கடிகாரத்தில் ஏமாறாதீர்கள்

டிக்கெட்டில் இருக்கும் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். நாடு மாறினால்தான் இது பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறது, சிட்னி நியூ சவுத் வேல்ஸில். இரண்டுக்கும் நடுவே 680 கிலோமீட்டர். ஜெட்டில் 830 வேகம் என்று வைத்தால் 49 நிமிடம், ஏற இறங்க 15, தரையில் 20, ஆக 1 மணி 25 நிமிடத்தை ஒட்டி வரும். ஆனால் சிட்னியில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், குவீன்ஸ்லாந்தில் அந்தப் பழக்கம் இல்லை. அந்த மாதங்களில் கோல்ட் கோஸ்டிலிருந்து காலை 10 மணிக்குக் கிளம்பினால் சிட்னியில் சேரும் நேரம் 12:25 என்று இருக்கும், திரும்பி வரும் விமானமோ 10 மணிக்குக் கிளம்பி 10:25-க்கே சேர்ந்துவிடும் என்று காட்டும். கழித்துப் பார்த்துப் பயண நேரத்தை எடுத்தால் ஒன்று 2 மணி 25 நிமிடம், இன்னொன்று 25 நிமிடம்.

கோல்ட் கோஸ்ட் ஏர்போர்ட்டின் ஓடுபாதையே மாநில எல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, கோடைக்காலத்தில் விமானம் ஓடுபாதையில் ஓடும்போதே ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்துக்குள் போய்விடுகிறது.

முழு மணி நேரத்தில்தான் வித்தியாசம் வரும் என்றும் இல்லை. இந்திய நேரத்துக்கும் நேபாள நேரத்துக்கும் வித்தியாசம் 15 நிமிடம். இணைப்பு விமானத்துக்கு 40 நிமிடம்தான் இருக்கிறது என்ற நிலையில் அந்தப் பதினைந்தை மறப்பது பெரிய விஷயம். டிக்கெட்டில் மொத்தப் பயண நேரம் என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதை மட்டும் நம்புங்கள்.

8. வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு என்று கூட்டுங்கள்

இதுவரை வந்தது விமானத்தின் நேரம். உங்கள் நேரம் வேறு. வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு 45 நிமிடம், கிளம்புவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும், விமானம் ஒரு மணி நேரம், பெட்டி வர 20 நிமிடம், அங்கிருந்து ஊருக்குள் அரை மணி என்று வைத்தால் மொத்தம் 3 மணி 50 நிமிடம். சாலையில் சராசரியாக மணிக்கு 70 கிலோமீட்டர் போக முடிந்தால் இதே நேரத்தில் 268 கிலோமீட்டர் போய்விடலாம். என் கருத்து, நல்ல சாலை இருக்கும் இடத்தில் சாலைத் தூரம் 250 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் விமானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நடுவே கடலோ மலையோ இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும், மேலே பார்த்த பொக்காராவே அதற்கு உதாரணம்.

நேபாளத்தில்தான் இந்தப் படியின் அருமை நன்றாகத் தெரியும். எவரெஸ்ட் பக்கம் நடைப்பயணம் போகிறவர்கள் இறங்கும் லுக்லா ஏர்போர்ட்டின் ஓடுபாதை 527 மீட்டர்தான், கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேலே, ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். பறப்பது 20, 30 நிமிடம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கூட்டம் அதிகமான மாதங்களில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை, ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தாலி என்ற இடத்திலிருந்து கிளம்புகின்றன. அங்கே போகச் சாலையில் நான்கைந்து மணி நேரம், நடு இரவில் காத்மாண்டுவை விட்டுக் கிளம்ப வேண்டும். லுக்லாவில் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும், நேரம் ஆக ஆக மேகமும் காற்றும் சேர்ந்துவிடும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே ஓடும். வானிலை ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றைக்கு முழுவதும் ஒன்றுமே பறக்காது, சில சமயம் அடுத்த நாளும். அங்கே போகிறவர்கள் பயணத்தின் இரு பக்கமும் ஓரிரு நாள் காலியாக விட்டுவைப்பது ரொம்ப அவசியம்.

மலை, தீவு, மூடுபனி அதிகமான சமவெளி ஆகிய இடங்களுக்கு இதே எச்சரிக்கை கொஞ்சம் குறைந்த அளவில் பொருந்தும். சின்ன ஏர்போர்ட்டுகள் பலவற்றில் பார்வைத் தூரம் குறைந்தால் இறங்க வைக்கும் கருவிகள் இருக்காது, அல்லது இரவில் இயங்க விளக்கு வசதி இருக்காது. பெரிய ஏர்போர்ட்டுகளிலும் நேரக் கட்டுப்பாடு உண்டு, சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை தடை இருக்கிறது, அதனால் அங்கே போகும் கடைசி விமானம் தாமதமானால் ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

9. நேரடி விமானமா, மாறிப் போவதா?

இரண்டு சிறிய ஊர்களுக்கு நடுவே நேரடி விமானம் இல்லாமல் இருப்பதுதான் பொதுவான நிலை. நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டர் இருக்கும், ஆனால் டிக்கெட் தேடினால் பெரிய நகரம் ஒன்றுக்கு 400 கிலோமீட்டர் போய், மூன்று மணி நேரம் காத்திருந்து, வேறு விமானத்தில் 450 கிலோமீட்டர் திரும்பி வரச் சொல்லும். டைரக்ட் என்று போட்டிருந்தாலும் உள்ளே திறந்து பாருங்கள், ஒரே விமான எண்ணில் நடுவே ஒரு ஊரில் நின்று போவதையும் டைரக்ட் என்றே விற்பார்கள். நிற்காமல் போவதற்கு நான்-ஸ்டாப் என்று இருக்க வேண்டும்.

மாறிப் போவதாக இருந்தால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் அந்த ஏர்போர்ட்டுக்கு என்று வகுத்த குறைந்தபட்ச இணைப்பு நேரத்தைவிடக் குறைவாக விற்க மாட்டார்கள், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, பெட்டியை எடுத்து வெளியே வந்து மறுபடி கவுன்ட்டரில் போட வேண்டும். அப்படிப் போடுகிறீர்கள் என்றால், ஆறாவது படியில் பார்த்த ஒரு வாரப் பதிவில் முதல் விமானத்தின் மிக மோசமான தாமதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு கவுன்ட்டர் மூடும் நேரத்தைச் சேருங்கள், அதற்கு மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். கவுன்ட்டர் எத்தனை நிமிடம் முன்னால் மூடும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டோடு வரும் மின்னஞ்சலில் கீழே எழுதியிருப்பார்கள். சின்ன ஏர்போர்ட்டில் அந்த நேரத்துக்கு மூடினால் மூடியதுதான், கவுன்ட்டரில் இருந்தவரே கதவுக்குப் போய் போர்டிங் பாஸ் கிழித்துக்கொண்டிருப்பார், திரும்பி வந்து திறக்க வேறு ஆள் இருக்க மாட்டார்.